சுமைதாங்கி இல்லாத வழி: ஜே. சி. டேனியலை முன்வைத்து எல்லைநிலக் கலைமுயற்சிகள் குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

எழுத்து, இயக்கம், நடிப்பு, தயாரிப்பு ஆகிய பல பணிகளை ஒரே கலைஞர் ஒரே காலத்தில் மேற்கொள்ளும்போது, திறனாய்வு அவரை இருவகையில் மதிப்பிடுவது வழக்கம். பல்துறை வல்லுநர் எனப் போற்றுவது ஒன்று. ஒன்றிலும் நிலைகொள்ளாதவர் எனக் குறை கூறுவது மற்றொன்று. இவ்விரு மதிப்பீடுகளும் கலைஞரின் மனத்தை மட்டுமே அளவுகோலாகக் கொள்கின்றன. அவர் நின்ற தரையை நோக்குவதில்லை. பல பணிகளை அவர் விரும்பி ஏற்றாரா, ஏற்க ஆளின்றிச் சுமந்தாரா என்னும் வினாவும் எழுப்பப்படுவதில்லை. இவ்வினாவைத் தென்திருவிதாங்கூர் எல்லைப்பகுதியில் தோன்றிய சில கலைமுயற்சிகளைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மலையாளத்தின் முதல் திரைப்படத்தை உருவாக்கிய ஜே. சி. டேனியலின் வாழ்வும் பணியும் இதற்கு முதன்மைச் சான்றாக அமைகின்றன. லெனின் ராஜேந்திரன், ஜெயமோகன், லீனா மணிமேகலை ஆகியோரின் பணிகள் ஒப்பீட்டிற்குக் கொள்ளப்படுகின்றன.

எல்லைநிலமும் அதன் இரு வரலாறுகளும்

ஆரியங்கோடு, பாறசாலை, வெள்ளறடை, குன்னத்துக்கால் முதலிய ஊர்கள் இன்று கேரள மாநிலத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் உள்ளன. களியக்காவிளை, அருமனை முதலிய ஊர்கள் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளன. 1956 நவம்பர் 1 வரை இவையனைத்தும் ஒரே ஆட்சிப் பரப்பில் இருந்தவை. அன்று அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கியது. உறவுமுறையும் சந்தையும் வழிபாடும் கோட்டின் இருபுறமும் தொடர்ந்தன. ஆனால் இலக்கிய வரலாறும் திரைப்பட வரலாறும் மாநில எல்லையைத் தம் எல்லையாக வகுத்துக்கொண்டன. அதனால் இந்நிலத்துக் கலைஞர் ஒருவரின் பணி இரண்டாகப் பிளக்கப்பட்டு, ஒரு பாதி ஒரு மொழியின் கணக்கிலும் மறுபாதி எவர் கணக்கிலும் சேராமலும் போகும் நிலை ஏற்பட்டது.

இந்நிலத்தின் பழைய நடைவழிகளில் சுமைதாங்கிக் கற்கள் இருந்தன. இரு கற்களை நட்டு அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்திய எளிய அமைப்பு அது. தலைச்சுமையோடு நெடுவழி நடப்பவர், பிறர் கைகொடுக்க வேண்டாமல் தம் சுமையை அதன்மீது இறக்கி இளைப்பாறி மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக இக்கல்லை நடுவது தமிழ்நிலத்து வழக்கம். பல பணிகளைச் சுமக்கும் கலைஞரை மதிப்பிடும்போது, அவர் வழியில் சுமைதாங்கி இருந்ததா என்று கேட்பது அவருடைய ஆற்றலை அளப்பதைவிடப் பயனுள்ளது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

டேனியல்: ஒரு கையில் பல பணிகள்

அகத்தீசுவரத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்த ஜோசப் செல்லையா டேனியல், திரைப்படக்காரராவதற்கு முன்பே நூலாசிரியர். வாட்போர்க் கலை குறித்து அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1915இல் வெளிவந்தது. களரிப் பயிற்சியில் அவருக்கிருந்த ஈடுபாடே அவரைத் திரைப்படத்தை நோக்கி இட்டுச்சென்றது என்று திரைவரலாற்றாசிரியர்கள் எழுதுவர். உடலசைவைச் சொல்லால் விளக்க முயன்ற ஒருவர், உடலசைவையே பதிவுசெய்யும் கருவியை நாடியது இயல்பான வளர்ச்சியாகும். எனவே அவருடைய நூலையும் படத்தையும் தொடர்பற்ற இரு முயற்சிகளாகக் கொள்வது பொருந்தாது. ஒரே தேடல் கருவியை மாற்றிக்கொண்டது என்பதே பொருந்தும்.

தம் நிலத்தை விற்ற பணத்தைக் கொண்டு டேனியல் திருவனந்தபுரம் பட்டத்தில் ‘திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்’ என்னும் படப்பிடிப்பு நிலையத்தை 1926இல் நிறுவினார். அங்கு உருவான ‘விகதகுமாரன்’ என்னும் மௌனப் படத்திற்குக் கதை எழுதியவர், இயக்கியவர், தயாரித்தவர், ஒளிப்பதிவு செய்தவர், தொகுத்தவர், முதன்மைப் பாத்திரத்தில் நடித்தவர் ஆகிய அனைவரும் அவரே. தென்னிந்திய மௌனப் படங்களில் புராணக் கதைகளே மிகுதியாக இடம்பெற்ற காலம் அது. சென்னையில் நடராச முதலியார் எடுத்த முதல் படமான ‘கீசகவத’மும் பாரதக் கதையே. டேனியலோ சமூகக் கதையைத் தேர்ந்தார். திருவிதாங்கூர்ச் செல்வர் ஒருவரின் மகன் சிறுவயதில் கடத்தப்பட்டு இலங்கைக்குக் கொண்டுசெல்லப்படுவதும், அங்குத் தோட்டத் தொழிலாளியாய் வளர்வதும், பின்னர் அடையாளம் காணப்பட்டு உறவோடு சேர்வதும் அக்கதையின் போக்கு. தென்திருவிதாங்கூரிலிருந்து இலங்கைக்குப் பிழைக்கச் சென்றோரின் நினைவு வாழ்ந்திருந்த ஒரு நிலத்தில் இக்கதைத் தேர்வு பொருள் பொதிந்தது. ‘இழந்துபோன மகன்’ என்பது தனியொரு குடும்பத்தின் துயர் மட்டுமன்று. கடல்கடந்து சென்று திரும்பாதோர் பலரின் துயரும் ஆகும்.

டேனியல் இத்தனை பணிகளையும் தாமே ஏற்றமையைத் தன்னம்பிக்கையின் மிகுதி என்று மட்டும் விளக்கிவிட முடியாது. அன்று திருவிதாங்கூரில் படப்பிடிப்பு நிலையம் வேறில்லை. பயிற்சி பெற்ற கலைஞர் குழுவும் இல்லை. கடன் தரும் அமைப்பும் இல்லை. தொழில் கற்கச் சென்னைக்கும் பின்னர் பம்பாய்க்கும் அவர் செல்ல வேண்டியிருந்தது. ஒரு துறை முழுவதும் செய்யவேண்டிய வேலையைத் தனியொருவர் செய்தார் என்பதே உண்மை. பத்தாண்டுகளுக்குள் நிலைமை எவ்வாறு மாறியது என்பதையும் ஒப்புநோக்க வேண்டும். மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ 1938இல் வெளிவந்தபோது, அதன் பின்னே சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸும் டி. ஆர். சுந்தரமும் இருந்தனர். அப்படத்தில் இயக்குநர் இயக்கினார், தயாரிப்பாளர் தயாரித்தார். நிறுவனம் ஒன்று இருக்குமிடத்தில் பணிகள் பிரிந்து நிற்கின்றன. அது இல்லாதவிடத்தில் அவை ஒருவரின் தலைமேல் குவிகின்றன.

ரோசி: எண்ணப்படாத பணிகள்

‘விகதகுமாரன்’ வெளியான ஆண்டு 1928 என்றும் 1930 என்றும் இருவகையாகக் குறிக்கப்படுகின்றது. திருவனந்தபுரம் கேப்பிட்டல் அரங்கில் நிகழ்ந்த முதற்காட்சியிலேயே படம் தாக்குதலுக்கு உள்ளானது. தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த பி. கே. ரோசி, சரோஜினி என்னும் நாயர் பெண்ணாக நடித்திருந்தமையே காரணம். நெய்யாற்றின்கரையை அடுத்த ஊரூட்டம்பலத்தில், பஞ்சமி என்னும் புலையர் சிறுமியை அய்யன்காளி பள்ளியில் சேர்க்க முயன்றபோது அப்பள்ளிக்கே தீவைத்த சமூகம் அது. வகுப்பறைப் பலகையில் அமர இடந்தராத சமூகம் வெண்திரையில் இடந்தரும் என எதிர்பார்த்திருக்க இயலாது. திரை கல்லெறிக்கு உள்ளானது. ரோசியின் குடிசையும் பின்னர் எரிக்கப்பட்டது. அவர் ஊரை விட்டகன்று நாகர்கோவில் பக்கம் சென்று, தம் பழைய பெயரையும் கலையையும் துறந்து வாழ்ந்தார்.

பல பணிகளை ஒருங்கே சுமந்தவர் பற்றிய ஆய்வில் ரோசியின் இடம் தனித்துக் குறிக்கத்தக்கது. அவர் கூலிவேலை செய்தவர். தமிழும் மலையாளமும் கலந்து நிகழ்த்தப்படும் காக்காரிசி நாடகத்தில் நடித்தவர். அவற்றோடு திரைப்படத்திலும் நடித்தார். உழைப்பாளி, நாட்டார் கலைஞர், திரைநடிகை ஆகிய மூன்று நிலைகள் அவரிடம் ஒன்றாய் இருந்தன. ஆயினும் டேனியலின் பல பணிகளை வியந்து எண்ணும் வரலாறு ரோசியின் பணிகளை எண்ணுவதில்லை. ஆணின் பல்பணி சாதனை எனவும் உழைக்கும் பெண்ணின் பல்பணி வாழ்க்கைப்பாடு எனவும் கொள்ளப்படும் பார்வைக்கோளாறு இது. இழப்பின் அளவிலும் இவ்வேறுபாடு உண்டு. டேனியல் இழந்தது நிலம், கருவி, தொழில் ஆகியன. ரோசி இழந்தது வீடு, ஊர், பெயர் ஆகியன. விற்பதற்கு நிலம் இருந்தவரின் வீழ்ச்சியைப் பேசும்போது, அதுவும் இல்லாதவரின் வீழ்ச்சியைச் சேர்த்துப் பேசாத திறனாய்வு முழுமையுடையதாகாது.

காக்காரிசி நாடகத்தின் மொழிக்கலப்பும் இவ்விடத்தில் கருதத்தக்கது. எல்லைநிலத்து மக்கள்கலை இரு மொழிகளையும் ஒரே மேடையில் வைத்திருந்தது. அதிலிருந்து வந்த நடிகையைக் கொண்டு உருவான மௌனப் படம் மொழிப் பிரிவினைக்கு அப்பாற்பட்டதாகவே இருந்திருக்கும். மௌனப் படத்திற்கு மாநில மொழி அடையாளத்தைப் பின்னாளைய வரலாறே வழங்கியது.

ஒரே அடியில் அனைத்தும்

முதற்காட்சியின் தாக்குதல் படத்தை மட்டும் வீழ்த்தவில்லை. தயாரிப்பாளர் வீழ்ந்தபோது இயக்குநரும் எழுத்தாளரும் ஒளிப்பதிவாளரும் உடன் வீழ்ந்தனர். அனைவரும் ஒருவரே அன்றோ? படப்பிடிப்பு நிலையம் மூடப்பட்டது, கருவிகள் விற்கப்பட்டன. டேனியல் பல்மருத்துவம் கற்றுப் பாளையங்கோட்டையில் தொழில் நடத்தினார். நடிகர் பி. யு. சின்னப்பாவின் தூண்டுதலால் மீண்டும் திரைத்துறைக்குச் சென்று, ஈட்டிய பொருளையும் இழந்தார் என்பர். முதுமையில் அகத்தீசுவரத்தில் வறுமையோடு வாழ்ந்து 1975இல் மறைந்தார். கலைஞர்க்கான உதவித்தொகையை அவர் வேண்டியபோது, அவர் தமிழ்நாட்டவர் என்று கூறிக் கேரளத்தில் அது மறுக்கப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் பதிவுசெய்துள்ளனர். 1956இல் வகுக்கப்பட்ட கோடு, அதற்குக் கால்நூற்றாண்டுக்கு முன் நிகழ்ந்த பணிக்கும் அளவுகோலானது.

‘விகதகுமாரன்’ படச்சுருள் இன்று இல்லை. சில நிழற்படங்களே எஞ்சியுள்ளன. இதனோடு மற்றொரு படத்தை ஒப்பிடலாம். நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தர்ராஜ், சி. வி. ராமன்பிள்ளையின் ‘மார்த்தாண்டவர்மா’ புதினத்தைப் படமாக்கி 1933இல் வெளியிட்டார். புதினத்தின் உரிமை பெற்றிருந்த கமலாலயம் புத்தக நிலையம் வழக்குத் தொடுக்க, படம் திரையிலிருந்து அகற்றப்பட்டது. ஆயினும் சுருள் பதிப்பகத்தாரிடம் கிடந்து, 1974இல் கண்டெடுக்கப்பட்டுப் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்தது. வழக்கில் சிக்கிய படம் நிறுவனம் ஒன்றின் கைவசம் இருந்தமையால் பிழைத்தது. தனியொருவரின் உடைமையாக மட்டும் இருந்த படம் அழிந்தது. நிறுவனம் பகையாக நின்றபோதும் பொருளைக் காத்தது என்னும் இம்முரண் சிந்திக்கத்தக்கது.

பிற்காலத்தார் கண்ட சுமைதாங்கிகள்

டேனியலுக்குப் பின்வந்தோர் பல பணிகளை எவ்வாறு தாங்கினர் என்பதை நோக்கினால் வேறுபாடு தெளிவாகும். சத்யஜித் ராய் விளம்பர நிறுவனமொன்றில் ஓவியராகப் பணியாற்றிக்கொண்டே ‘பதேர் பாஞ்சாலி’யை (1955) உருவாக்கினார். தடைப்பட்ட அப்படத்தை மேற்கு வங்க அரசின் நிதி நிறைவுறச் செய்தது. கோ. அரவிந்தன் ரப்பர் வாரியத்தில் அலுவலராக இருந்தவாறு 1961 முதல் 1973 வரை மாத்ருபூமி வார இதழில் கேலிச்சித்திரத் தொடர் வரைந்தார். அதன்பின்னரே ‘உத்தராயணம்’ (1974) எடுத்தார். மாதச் சம்பளம் என்னும் கல் அவர்தம் வழியில் இருந்தது.

நெய்யாற்றின்கரையை அடுத்த ஊரூட்டம்பலத்தில் பிறந்த லெனின் ராஜேந்திரன், பி. ஏ. பேக்கரிடம் பயின்று ‘வேனல்’ (1981) வழியே இயக்குநரானார். திரைக்கதையும் தாமே எழுதினார். ‘மீனமாசத்திலே சூரியன்’ (1986), ‘சுவாதி திருநாள்’ (1987), ‘தெய்வத்தின்றெ விக்ருதிகள்’ (1992) முதலியன அவருடைய படங்கள். இடையே 1989, 1991 ஆகிய ஆண்டுகளில் ஒற்றப்பாலம் மக்களவைத் தொகுதியில் கே. ஆர். நாராயணனை எதிர்த்துப் போட்டியிட்டார். பின்னாளில் கேரள மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் தலைவராகப் பணியாற்றி 2019இல் மறைந்தார். அரசியல் இயக்கமும் அரசு நிறுவனமும் அவர்க்குத் துணைநின்றன. 1933இல் முடக்கப்பட்ட ‘மார்த்தாண்டவர்மா’ கதையை அவர் ‘குலம்’ (1997) என்னும் பெயரில் மீண்டும் படமாக்கி, அரசனைவிடச் சுபத்திரை என்னும் பெண்ணுக்கு முதன்மை தந்தார். எல்லைநிலத்தில் அறுபத்துநான்கு ஆண்டுகளுக்கு முன் இறக்கி வைக்கப்பட்ட சுமையை அந்நிலத்தார் ஒருவரே மீண்டும் ஏற்றிக்கொண்டார் எனலாம்.

அருமனையில் 1962இல் பிறந்த ஜெயமோகன் தனித்தியங்கும் திரைப்பட இயக்குநர் அல்லர். எழுத்தாளராகத் திரையில் பங்காற்றுபவர். தொலைபேசித் துறைப் பணி முதலிலும், வணிகத் திரைப்பட எழுத்து பின்னரும் அவருடைய இலக்கியப் பணிக்குப் பொருள் அடித்தளமாயின. 2014 முதல் 2020 வரை இருபத்தாறு நூல்களாக விரிந்த ‘வெண்முரசு’ எழுதப்பட்ட காலத்திலும் அவர் திரைப்படங்களுக்கு எழுதினார். ஆயினும் அவருடைய திரைப்பணிகள் அனைத்தும் ஒரே தரத்தன அல்ல. ‘உறவிடங்கள்’ என்னும் தம் நினைவுக் கட்டுரைகளைத் தழுவி மதுபாலின் இயக்கத்திற்கு அவர் எழுதிய ‘ஒழிமுறி’ (2012) என்னும் மலையாளப் படம் அவற்றுள் தனித்து நிற்கின்றது. மருமக்கள்தாயம் மக்கள்தாயமாக மாறியபோது குடும்பத்துக்குள் நிகழ்ந்த வன்மத்தை இத்தென்னெல்லையின் பேச்சுவழக்கிலேயே அது பேசுகின்றது. எழுத்தும் திரையும் ஒரே அனுபவ ஊற்றிலிருந்து நீர் பெறும்போது ஒன்று மற்றொன்றை வளர்க்கின்றது. திரை வருவாய்க்கான வழியாக மட்டும் நிற்கும்போது எழுத்தைத் தாங்குகின்றதேயன்றித் தான் வளர்வதில்லை. சுமைதாங்கிக்கும் ஒரு விலையுண்டு என்பதை இது காட்டுகின்றது.

லீனா மணிமேகலையின் நிலை டேனியலின் நிலைக்கு மிக அணுக்கமானது. கவிஞராகவும் ஆவணப்பட இயக்குநராகவும் ஒரே காலத்தில் இயங்கிய அவர், தனுஷ்கோடி மீனவர் வாழ்வு குறித்த ‘செங்கடல்’ படத்தை எழுத்தாளர் ஷோபாசக்தியோடு இணைந்து எழுதி, இயக்கி, நடித்தார். 2011இல் அதற்குத் தணிக்கைச் சான்றிதழ் மறுக்கப்பட்டு மேல்முறையீட்டிற்குப் பின்னரே கிடைத்தது. புதிரை வண்ணார் சமூகப் பெண்ணை மையமாகக் கொண்ட ‘மாடத்தி’ (2019) பலரிடம் திரட்டிய நிதியால் உருவானது. படம் தடைப்பட்டபோதும் அவருடைய கவிதை தடைப்படவில்லை. கவிதைக்குத் தாளும் எழுதுகோலும் போதும், சான்றிதழ் வேண்டுவதில்லை. ஒரு கலை முடக்கப்படும்போது மற்றொன்று குரலைக் காத்து நிற்பதே இங்குப் பல்பணியின் பயன். சாதியால் பார்வையிலிருந்து விலக்கப்பட்ட பெண்ணைத் திரையின் நடுவில் நிறுத்திய ‘மாடத்தி’, ரோசிக்கு மறுக்கப்பட்ட இடத்தை நெடுங்காலத்திற்குப் பின் நினைவூட்டுவதும் கருதத்தக்கது.

மதிப்பீடு

மேற்கண்ட ஒப்பீட்டால் ஓர் அளவுகோல் கிட்டுகின்றது. ஒரு கலைஞர் எத்தனை பணிகளை மேற்கொள்கின்றார் என்பது முதன்மையன்று. ஒன்று வீழும்போது மற்றவை நிற்கின்றனவா என்பதே முதன்மையானது. அரவிந்தனின் சித்திரமும் லீனாவின் கவிதையும் ஜெயமோகனின் புதினமும் அவர்தம் திரைப்பணியின் வெற்றி தோல்வியைச் சாராமல் நிற்க வல்லவை. டேனியலின் ஆறு பணிகளும் ஒரே படத்தைச் சார்ந்தவை. ஒரே நிலத்தின் விலையைச் சார்ந்தவை. அவருடைய எழுத்து 1915ஆம் ஆண்டு நூலுக்குப் பின் தனித்து வளர்ந்திருப்பின், திரை எரிந்த பின்னும் எழுத்தாளர் எஞ்சியிருப்பார். இது அவருடைய குறையைச் சுட்டும் கூற்றன்று. ஒருவர் தம் உடைமை முழுவதையும் ஒரே இடத்தில் வைக்கவேண்டிய நிலையை உருவாக்கிய சூழலைச் சுட்டும் கூற்றாகும்.

டேனியலைப் பிற்காலம் மறக்கவில்லை. சேலங்காட்டு கோபாலகிருஷ்ணனின் எழுத்து அவரை மீட்டது. ரோசியின் வாழ்வை வினு ஆபிரகாம் ‘நஷ்டநாயிகா’ (2008) என்னும் புதினமாக்கினார். கமல் இயக்கிய ‘செல்லுலாய்டு’ (2013) இருவரின் கதையையும் மக்களிடம் சேர்த்தது. அழிந்த ஒரு படம் வரலாறாகவும் புதினமாகவும் மற்றொரு படமாகவும் மீண்டும் பிறந்தது. கேரள அரசு 1992 முதல் அவர் பெயரால் வாழ்நாள் சாதனை விருது வழங்கிவருகின்றது. இது போற்றத்தக்கதே. ஆயினும் இவ்விருது வழி முழுவதையும் நடந்து முடித்தவர்க்கு வழங்கப்படுவது. டேனியல் நடுவழியில் சுமையோடு நின்றவர். அவர் பெயரால் அமையவேண்டியது வழிமுடிவில் சூட்டும் மாலையன்று. நடுவழியில் நடும் கல்லாகும். முதல் படத்தோடு இடர்ப்படும் எல்லைப்புற இளைஞர் ஒருவர்க்குச் சிறு நல்கையாகவோ, படச்சுருளைக் காக்கும் காப்பறையாகவோ, எழுதியதை வெளியிடும் இதழாகவோ அது அமையலாம்.

முடிவுரை

பல கலைப்பணிகளை ஒருங்கே மேற்கொள்வது தன்னளவில் பெருமையும் அன்று, குறையும் அன்று. அது பெரும்பாலும் நிறுவனங்கள் இல்லாத நிலத்தில் கலைஞர் மேற்கொள்ளும் ஈடுசெய்தலாகும். அவ்வீடுசெய்தல் தாங்குவோர் இருக்கும்போது வளர்ச்சியாகின்றது, இல்லாதபோது பேரிழப்பாகின்றது. டேனியலின் வாழ்வு உணர்த்தும் உண்மை இதுவே.

தமிழ்த்துறைகளுக்கும் இதில் கடமையுண்டு. அகத்தீசுவரத்துத் தமிழர் ஒருவரின் பணியை மலையாளத் திரைவரலாறு தாமதமாகவேனும் ஏற்றுக்கொண்டது. தமிழ் ஆய்வுலகமோ அதனைப் பிறமொழிக்கு உரியது எனக் கருதி அகன்று நின்றது. ஆரியங்கோடு முதல் அருமனை வரையிலான ஊர்களில் காக்காரிசி நாடகம் கண்ட முதியோரின் நினைவுகளையும், பழைய திரையரங்குகள், நாடகக் குழுக்கள் பற்றிய வாய்மொழிச் செய்திகளையும் இருமொழி அறிந்த மாணவர் தொகுத்தல் வேண்டும். ரோசி எந்த மொழியில் பாடி நடித்தார் என்பதைக் கேட்டறிய வாய்ப்பிருந்த தலைமுறை பெரும்பாலும் மறைந்துவிட்டது. எஞ்சியோரிடம் கேட்பதை இனியும் தள்ளிவைப்பின், படச்சுருளுக்கு நேர்ந்ததே நினைவுகளுக்கும் நேரும்.